நொடிக்கு ஒன்றரைச் சொட்டு: மின் நிலையத் தண்ணீர் பற்றி வாசகர் கேள்விகள்

மின் நிலைய பாய்லருக்கும் ஜெனரேட்டருக்கும் போகும் அதிதூய நீர் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

எங்கள் வீட்டு ஆர்ஓ தண்ணீரில் உப்பு 50 பிபிஎம்தான். அதையே பாய்லரில் விட்டால் என்ன கெட்டுவிடும்?
பாலிடெக்னிக் மாணவி, மேட்டூர்

சாயப்பட்டறையிலோ அரிசி ஆலையிலோ இருக்கும் 10 கிலோ அழுத்த பாய்லர் என்றால் ஒன்றும் கெடாது. அங்கே சாஃப்ட்னர் தண்ணீரே போதும். டர்பைனை ஓட்டும் பாய்லரின் கதை வேறு.

210 மெகாவாட் யூனிட் ஒன்றில் மணிக்கு 650 டன்னுக்கு மேல் நீராவி சுற்றிக்கொண்டிருக்கும். போன நீராவி குளிர்ந்து தண்ணீராகித் திரும்பி வந்துவிடுவதால், கசிவுக்கும் ப்ளோடவுனுக்கும் (உப்பு சேர்ந்த பாய்லர் நீரைக் கொஞ்சம் திறந்துவிடுவது) ஈடாக மணிக்கு சுமார் 10 டன் புதுத் தண்ணீர் சேர்த்தால் போதும். அந்த 10 டன்னில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) உப்பு இருந்தால் மணிக்கு அரைக் கிலோ, நாளுக்கு 12 கிலோ. நீராவி மட்டும் வெளியே போகும், உப்பு உள்ளேயே தங்கும். சுவர்க் குழாய்களின் உட்புறம் அது படிந்ததும் வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் உலோகத்திலேயே தேங்குகிறது. குழாய் சூடேறி, வீங்கி, வெடிக்கிறது.

உப்பையாவது ப்ளோடவுன் திறந்து ஓரளவு வெளியேற்றலாம். சிலிக்காவிடம் அது முழுதாகப் பலிக்காது. அழுத்தம் ஏற ஏற சிலிக்கா நீராவியிலேயே கரைந்து, ஆவியாகவே டர்பைனுக்குப் போய்விடும். டர்பைனுக்குள் அழுத்தம் இறங்கும்போது கரைந்து நிற்க முடியாமல் பிளேடுகளில் கெட்டியாகப் படியும். கழுவினால் எளிதில் போகாது. அதனால்தான் டிரம் (தண்ணீரிலிருந்து நீராவி பிரியும் உருளை) உள்ள பாய்லரில் நீராவியின் சிலிக்காவுக்கு 20 பிபிபி, மிக உயர்ந்த அழுத்தத்தில் ஓடும் சூப்பர்கிரிட்டிகலில் 10 பிபிபி என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு பிபிஎம் ஆயிரம் பிபிபி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு உங்கள் 50 பிபிஎம்மைப் பாருங்கள்.

இன்னொன்று. சிலிக்கா மின்சாரத்தைக் கடத்தாது. கண்டக்டிவிட்டி (மின்கடத்தும் திறன்) மீட்டர் 0.06 மைக்ரோ சீமென்ஸ் என்று அழகாகக் காட்டும்போதே சிலிக்கா போய்க்கொண்டிருக்கலாம். அதற்குத் தனி அனலைசர் வேண்டும். அந்த அனலைசரும் கரைந்த சிலிக்காவைத்தான் பிடிக்கும். மழைக்காலத்தில் ஆறு கலங்கி வரும்போது களிமண்ணோடு வரும் கூழ்ம சிலிக்கா மாலிப்டேட் சோதனையில் நிறம் காட்டாது, ரெசினிலும் (உப்பைப் பிடிக்கும் பிளாஸ்டிக் மணிகள்) முழுதாக நிற்காது. பாய்லர் சூட்டில் கரைந்த பிறகுதான் தலைகாட்டும். டிஎம் நீரில் (உப்பு நீக்கிய நீர்) சிலிக்கா 10 பிபிபி, பாய்லர் நீரில் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல் விழ வேண்டும். இதற்கு வைத்தியம் ரெசினில் இல்லை. கிளாரிஃபையரில் (கலங்கலைத் தெளியவைக்கும் தொட்டி) படிகாரம், பாலிமர் அளவைச் சரிசெய்வதிலோ, அல்ட்ராஃபில்ட்ரேஷனிலோ இருக்கிறது.

பேனல் மீட்டரில் 0.07 மைக்ரோ சீமென்ஸ். அதே தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து லேபில் பார்த்தால் 1.1, பிஎச் 5.8. எது சரி?
லேப் உதவியாளர், திருவள்ளூர் மாவட்டம்

இரண்டும் சரி. நீங்கள் லேபில் அளந்தது காற்றில் நின்ற தண்ணீரை. அதிதூய நீர் காற்றைத் தொட்ட சில நிமிடங்களில் கார்பன் டைஆக்சைடை இழுத்துக்கொள்ளும். அதனாலேயே கண்டக்டிவிட்டி 1-ஐ ஒட்டியும், பிஎச் 5.6-ஐ ஒட்டியும் போய் நிற்கும். 25 டிகிரியில் சுத்தமான நீரின் எல்லை 0.055. அதற்குக் கீழே எந்த மீட்டராவது காட்டினால் மீட்டரைப் பாருங்கள், அல்லது அதன் வெப்பத் திருத்தத்தைப் பாருங்கள்.

கண்டக்டிவிட்டியை ஓடும் நீரில், மூடிய ஃப்ளோ செல்லில் மட்டும் அளவிடுங்கள். சிலிக்காவுக்கும் சோடியத்துக்கும் பாட்டிலில் பிடிக்கலாம், ஆனால் கண்ணாடி பாட்டில் ஆகாது, கண்ணாடியிலிருந்தே இரண்டும் இறங்கும். பாலித்தீன் பாட்டிலை அதே தண்ணீரால் பலமுறை அலசிவிட்டு, வழிய வழியப் பிடித்து மூடுங்கள். விரல் பட்டாலே சோடியம் ஏறிவிடும்.

எங்கள் சர்க்கரை ஆலையின் இணை மின் நிலையத்தில் மிக்ஸட் பெட்டை ரீஜெனரேஷன் செய்தும் கண்டக்டிவிட்டி 0.4-க்குக் கீழே இறங்கவில்லை. ரெசின் போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
டிஎம் பிளான்ட் ஆபரேட்டர், ஈரோடு மாவட்டம்

அவசரப்படாதீர்கள். மிக்ஸட் பெட் என்பது இரண்டு வகை ரெசினும் கலந்த டேங்க். தீர்ந்த ரெசினை ஆசிட்டாலும் காஸ்டிக் சோடாவாலும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் ரீஜெனரேஷன். ரெசின் மேல் விழும் பழியில் பாதிக்கு மேல் வால்வுக்கும் ஆசிட்டுக்கும் சேர வேண்டியது.

முதலில் கசிவது சோடியமா, குளோரைடா, சிலிக்காவா என்று கண்டுபிடியுங்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு தப்பைக் காட்டும்.

மிக்ஸட் பெட்டில் சோடியம் போன்றவற்றைப் பிடிக்கும் கேட்டயான் ரெசின் கனமானது, குளோரைடு, சிலிக்கா போன்றவற்றைப் பிடிக்கும் ஆனயான் ரெசின் லேசானது. பேக்வாஷ் (அடியிலிருந்து மேலாக விடும் தண்ணீர்) கொடுத்ததும் கேட்டயான் அடியிலும் ஆனயான் மேலேயும் பிரிந்து, இரண்டும் சேரும் கோடு நடுக் கலெக்டர் குழாயின் (கரைசல் வெளியேறும் குழாய்) உயரத்தில் வந்து நிற்க வேண்டும். பார்வைக் கண்ணாடியில் அடர்பழுப்பும் வெளிர்மஞ்சளுமாக அந்தக் கோடு தெளிவாகத் தெரியும். எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கேட்டயான் கலெக்டருக்கு மேலே ஏறியிருந்தால், மேலிருந்து வரும் காஸ்டிக் அதை நனைத்து சோடியம் வடிவத்துக்கு மாற்றிவிடும். பிறகு சர்வீஸில் சோடியம் கசியும். ஆனயான் கலெக்டருக்குக் கீழே இறங்கியிருந்தால் ஆசிட் அதை குளோரைடாக்கும், குளோரைடு கசியும். பேக்வாஷில் லேசான ஆனயான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுவதும், ரெசின் நிரப்பும்போது ‘பார்த்துப் போடு’ என்று போடுவதும்தான் கோடு நகர்வதற்கு வழக்கமான காரணங்கள். இதற்கு முழு ரெசினையும் மாற்ற வேண்டியதில்லை. குறைந்ததை நிரப்பி, கூடியதை எடுத்தால் போதும்.

கோடே தெரியாமல் கலங்கலாக இருந்தால் ரெசின் சரியாகப் பிரியவில்லை. பேக்வாஷ் ஓட்டத்தில் படுக்கை பாதிக்கு மேல் விரிந்து எழ வேண்டும், 15 நிமிடமாவது ஓட வேண்டும். புது ரெசின் என்றால் எதிரெதிர் மின்னேற்றத்தால் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். அப்போது 4 சதவீத காஸ்டிக்கை முழுப் படுக்கை வழியாகவும் ஒருமுறை செலுத்தி, அலசிவிட்டு, பேக்வாஷ் கொடுங்கள். கேட்டயான் சோடியம் வடிவத்துக்கும் ஆனயான் ஹைட்ராக்சைடு வடிவத்துக்கும் போவதால் எடை வித்தியாசம் கூடி நன்றாகப் பிரியும்.

அடுத்தது அளவு. கேட்டயான் 500 லிட்டர், ஆனயான் 500 லிட்டர் உள்ள பெட்டை வைத்துக் கணக்குப் போடுவோம். கேட்டயான் ரெசின் லிட்டருக்கு 100 கிராம் வீதம் சுத்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 கிலோ வேண்டும். கேனில் வரும் 30 சதவீத ஆசிட்டில் அது 167 கிலோ, ஏறக்குறைய 145 லிட்டர். இதை 5 சதவீதமாக நீர்த்தால் ஒரு டன் கரைசல் கிடைக்கும். தண்ணீரில்தான் ஆசிட்டை விட வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. காஸ்டிக்கும் 50 கிலோ. 48 சதவீத லையில் (காஸ்டிக் கரைசல்) அது 104 கிலோ, சுமார் 70 லிட்டர், நீர்த்தது 4 சதவீதம். இரண்டையும் அரை மணி நேரமாவது மெதுவாக ஓட விடுங்கள். ஷிஃப்ட் முடியும் அவசரத்தில் பத்து நிமிடத்தில் தள்ளிவிட்டால் ஆசிட் ரெசினுக்குள் ஊறாமல் சாக்கடைக்குத்தான் போகும். எஜெக்டரின் (ஆசிட்டை உறிஞ்சித் தண்ணீரோடு கலக்கும் கருவி) மோட்டிவ் தண்ணீர் அழுத்தம் குறைந்தால் செறிவு மாறிவிடும் என்பதால், நீர்த்த கரைசலின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். டேங்கில் இறங்கிய உயரத்தை மட்டும் நம்பாதீர்கள்.

சிலிக்கா கசிந்தால் காஸ்டிக்கின் சூட்டைப் பாருங்கள். டைப் 1 ஆனயான் ரெசினுக்கு 45 முதல் 50 டிகிரி. டைப் 2 அந்தச் சூட்டைத் தாங்காது, எனவே எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சூடேற்றுங்கள். காஸ்டிக்கில் உப்பு கலந்திருந்தால் ஆனயான் எப்போதுமே முழுதாகத் திரும்பாது. மெம்பிரேன் முறையில் தயாரித்த லை வாங்குங்கள். ஆசிட் மஞ்சளாக இருந்தால் அதில் இரும்பு இருக்கிறது, அந்த இரும்பு ரெசினில் தங்கிவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் இறங்கவில்லையா? காற்றுக் கலவையைப் (பிரித்த ரெசின்களைக் காற்றால் மறுபடி கலப்பது) பாருங்கள், பல இடங்களில் தப்பு இங்கேதான் இருக்கிறது. தண்ணீரை ரெசினுக்கு மேலே ஒரு ஜாண் உயரத்துக்கு வடித்துவிட்டு, எண்ணெய் இல்லாத காற்றை 10 முதல் 15 நிமிடம் விட வேண்டும். தண்ணீர் அதிகமாக இருந்தால் காற்றை நிறுத்திய மறுகணமே கனமான கேட்டயான் முதலில் அமர்ந்து மறுபடி பிரிந்துவிடும். அதனால் காற்று நின்றதும் அடி வடிகாலைத் திறந்து ரெசினைச் சட்டென்று அமரச் செய்து, பிறகு மேலிருந்து மெதுவாக நிரப்புங்கள். வேகமாக நிரப்பினால் கலந்ததும் கலையும்.

கடைசியாக வால்வு. ஆசிட் அல்லது காஸ்டிக் வால்வின் டயஃப்ரம் லேசாகக் கசிந்தால் எவ்வளவு அலசினாலும் 0.4-லேயே நிற்கும். கெமிக்கல் லைனைக் கழற்றி, ப்ளைண்ட் (அடைப்புத் தகடு) போட்டுவிட்டு ஒருமுறை அலசிப் பாருங்கள். உடனே 0.1-க்குக் கீழே இறங்கினால் ரெசினுக்கு ஆகும் செலவு மிச்சம்.

மிக்ஸட் பெட்டுக்கு முன்னால் இருக்கும் ஆனயான் டேங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது தீரும்போது முதலில் கசிவது சிலிக்கா. அந்தச் சமயம் கண்டக்டிவிட்டி ஏறாது, கொஞ்சம் இறங்கவே செய்யும், ஏனென்றால் கேட்டயான் டேங்க் தப்பவிட்ட சோடியத்தால் உண்டான காஸ்டிக்கை சிலிசிக் அமிலம் சமன் செய்துவிடுகிறது. மீட்டர் இறங்குகிறதே என்று மகிழ்ந்து இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டினால் மிக்ஸட் பெட்டின் ஆனயான் பாதி தீர்ந்திருக்கும்.

கடல்நீரில் குளிர்விக்கும் நிலையத்தில் கண்டென்சர் குழாய் ஓட்டையானால் கேட்டயான் கண்டக்டிவிட்டியைப் பார் என்கிறார்கள். சாதாரண கண்டக்டிவிட்டி ஏன் போதாது? எந்த அளவு கசிவு ஆபத்து?
டிப்ளமா பயிற்சியாளர், தூத்துக்குடி

நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டென்சரின் குழாய்களில் ஓடும் கடல்நீர் ஒரு லிட்டரில் சோடியம் சுமார் 10.7 கிராமும் குளோரைடு 19 கிராமுக்கு மேலும் இருக்கும். மணிக்கு 500 டன் கண்டென்சேட் (குளிர்ந்து தண்ணீரான நீராவி) ஓடும் யூனிட்டில் மணிக்கு ஒரே ஒரு லிட்டர் கடல்நீர் நுழைந்தாலும் சோடியம் 21 பிபிபி ஏறும். டிரம் பாய்லருக்கு 5 பிபிபிக்குள் வைத்திருக்கப் பார்ப்பார்கள். அந்த 5-ஐத் தொட மணிக்குக் கால் லிட்டர் போதும். சொட்டுக் கணக்கில் நொடிக்கு ஒன்றரைச் சொட்டு கூட இல்லை. ஆயிரக்கணக்கான குழாய்களில் ஏதோ ஒன்றின் முனையில் கசிவது அவ்வளவுதான்.

இப்போது மீட்டரைப் பாருங்கள். கண்டென்சேட்டில் அம்மோனியா போட்டு பிஎச் 9.3-ல் வைத்திருப்பதால் அம்மோனியாவே 5-க்கு மேல் மைக்ரோ சீமென்ஸ் காட்டும். மணிக்கு ஒரு லிட்டர் கடல்நீர் அதில் கூட்டுவது 0.14 மட்டும். சந்தைக் கூச்சலில் ஒருவர் முணுமுணுப்பது போல அது காணாமல் போய்விடும். அதே தண்ணீரை ஹைட்ரஜன் வடிவக் கேட்டயான் ரெசின் நிரப்பிய சின்னக் குழாய் வழியே விட்டால் அம்மோனியா ரெசினில் நின்றுவிடும். சோடியமும் நின்று, குளோரைடு ஹைட்ரோகுளோரிக் அமிலமாக வெளியே வரும். அமிலம் உப்பை விட மூன்று மடங்குக்கு மேல் மின்சாரம் கடத்தும். ஆக 0.2-க்குள் இருந்த அளவில் 0.46 கூடிவிடும். யாருக்கும் தெரியாமல் போக வழியில்லை.

ஒரு எச்சரிக்கை. அந்தச் சின்னக் குழாயின் ரெசின் தீர்ந்துவிட்டால் அம்மோனியா தாண்டி வந்து பொய் அலாரம் அடிக்கும். நிறம் மாறும் ரெசின் போட்டிருந்தால் ஒரு பார்வையிலேயே தெரியும். காற்றுக் கசிவால் வரும் கார்பன் டைஆக்சைடும் அளவை ஏற்றும். சோடியம் அனலைசரும் சேர்ந்து ஏறினால்தான் கடல்நீர் என்று உறுதி.

உறுதியானால் என்ன செய்வது? முதலில் ஹாட்வெல்லின் (கண்டென்சருக்கு அடியில் தண்ணீர் சேரும் தொட்டி) எந்தப் பக்கம் என்று மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். குறைந்த கசிவு என்றால் கடல்நீர் நுழைவாயிலில் மரத்தூள் கொட்டுவது பழைய தந்திரம், வெற்றிடம் தூளை ஓட்டைக்குள் இழுத்து அடைத்துவிடும். தற்காலிகம்தான், ஆனாலும் பல யூனிட்டுகளை இரவு தாண்ட வைத்திருக்கிறது. நிரந்தர வழி: லோடைப் பாதியாகக் குறைத்து, கண்டென்சரின் அந்தப் பாதியை அடைத்து நீரை வடித்துவிட்டு, குழாய்த் தகட்டில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டுவது. ஓட்டைக் குழாயின் வாயில் தாள் உள்வாங்கும். அந்தக் குழாயின் இரு முனையிலும் பிளக் அடித்துவிடலாம்.

பாய்லர் பக்கம் இன்னும் அவசரம். கடல்நீரிலுள்ள மக்னீசியம் குளோரைடு பாய்லர் சூட்டில் சிதைந்து அமிலமாகும். ப்ளோடவுனைத் திறந்து, டிரைசோடியம் பாஸ்பேட் கூட்டிச் சமாளிக்கப் பார்க்கலாம். பாய்லர் நீரின் பிஎச் 8-க்குக் கீழே போய் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் யூனிட்டை நிறுத்திவிட வேண்டும். அதில் பேரம் கூடாது. அமிலம் குழாய் உலோகத்துக்குள் ஹைட்ரஜனைச் செலுத்தி உள்ளிருந்தே வெடிப்பு விட வைக்கும், பிறகு மாதக்கணக்கில் குழாய்கள் ஒவ்வொன்றாகப் போகும்.

டிரம் இல்லாத சூப்பர்கிரிட்டிகல் யூனிட்டில் ப்ளோடவுனே கிடையாது. அங்கே கண்டென்சேட் பாலிஷர் (கண்டென்சேட்டை ரெசினால் சுத்தம் செய்யும் கருவி) கட்டாயம். அது கசிவைக் குணமாக்காது, யூனிட்டை ஒழுங்காக நிறுத்த நேரம் வாங்கித் தரும்.

ஒரு புத்தகத்தில் ஆக்சிஜனை முழுதும் எடுத்துவிடு என்கிறார்கள், இன்னொன்றில் ஆக்சிஜனைச் சேர் என்கிறார்கள். குழப்பமாக இருக்கிறது.
பொறியியல் மாணவர், திருச்சி

இரண்டும் அதனதன் இடத்தில் சரி. டீஏரேட்டர் (தண்ணீரில் கரைந்த வாயுவை வெளியேற்றும் தொட்டி) பாய்லருக்குப் போகும் நீரின் ஆக்சிஜனை 7 பிபிபி வரை இறக்கும், மிச்சத்தை ஹைட்ரசீன் என்ற வேதிப்பொருள் தின்னும். தாமிரக் குழாய் இருக்கும் பழைய சுற்றுகளுக்கு அதுதான் பாதுகாப்பு.

முழுக்க இரும்பே உள்ள சுற்றில் அதே வழி பகையாகிறது. ஆக்சிஜனே இல்லாத மிகத் தூய நீர் 130, 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் வேகமாகச் சுழன்று ஓடும்போது கார்பன் எஃகின் மேலுள்ள மேக்னடைட் (இரும்பு ஆக்சைடு) படலத்தைக் கரைத்துக்கொண்டே போகும், குழாய்ச் சுவர் சத்தமில்லாமல் மெலியும். அமெரிக்காவின் சர்ரி அணுமின் நிலையத்தில் 1986 டிசம்பரில் இப்படி வெடித்த குழாயால் நான்கு பேர் இறந்தார்கள். ஜப்பானின் மிஹாமா 3-ல் 2004 ஆகஸ்ட் 9 அன்று ஐந்து பேர். மிஹாமாவில் 10 மி.மீ. தடிமனாக இருந்த குழாய், ஓட்டம் அளக்கும் ஆரிஃபிஸுக்குச் சற்றுப் பின்னால் 2 மி.மீ-க்கும் கீழே மெலிந்திருந்தது. 1976-ல் நிலையம் ஓடத் தொடங்கியதிலிருந்து அந்த இடத்தை யாரும் அளந்ததே இல்லை. சோதனைப் பட்டியலில் அது விடுபட்டிருந்தது.

ஜெர்மனியில் 1970-களில் வேரூன்றிய மாற்று முறையில் 30 முதல் 150 பிபிபி ஆக்சிஜனை வேண்டுமென்றே விடுகிறார்கள். மேக்னடைட்டின் துளைகளை இறுக்கமான சிவப்பு ஆக்சைடு மூடிவிடுகிறது. நிபந்தனை ஒன்று உண்டு: கேட்டயான் கண்டக்டிவிட்டி 0.15-க்குள் இருக்க வேண்டும். குளோரைடு இருக்கும் நீரில் ஆக்சிஜனை விட்டால் குழிக்குழியாக அரிக்கும். பாலிஷர் சரியில்லாத நாளில் ஆக்சிஜன் வால்வை மூடிவிட வேண்டும்.

15,750 வோல்ட் ஓடும் ஜெனரேட்டர் கம்பிக்குள்ளேயே தண்ணீர் ஓடுகிறதாமே? ஷாக் அடிக்காதா?
எலெக்ட்ரீஷியன், விருத்தாசலம்

ஓடுகிறது. ஸ்டேட்டரின் (ஜெனரேட்டரின் சுழலாத பகுதி) செப்புக் கம்பிகள் உள்ளே குடைவாக இருக்கும். டெஃப்லான் குழாய்கள் வழியாகத் தண்ணீர் போய்வரும். கண்டக்டிவிட்டியை 0.5-க்குள் வைத்திருப்பதால் டெஃப்லான் குழாயின் நீளத்தில் கசியும் மின்னோட்டம் மிகக் குறைவு. இதற்கென்று தனி மூடிய சுற்று, தனி டேங்க், ஓட்டத்தின் ஒரு பகுதியைச் சுத்தம் செய்துகொண்டே இருக்கும் சின்ன மிக்ஸட் பெட் எல்லாம் உண்டு.

இங்கே அதிகம் படுத்துவது செம்பு ஆக்சைடு. ஆக்சிஜன் 20 பிபிபிக்குள் இருக்க வேண்டும், அல்லது 2 பிபிஎம்முக்கு மேல் இருக்க வேண்டும். நடுவில் சில நூறு பிபிபியில் நின்றால்தான் செம்பு அதிகம் அரித்து, ஆக்சைடு உதிர்ந்து குடைவை அடைக்கும். குறைந்த ஆக்சிஜன் முறையில் ஓடும் இயந்திரத்தில் காற்று புகுந்தாலும், மேக்கப் தண்ணீரை (குறைவதற்கு ஈடாகச் சேர்ப்பது) நைட்ரஜன் போர்வை இல்லாத டேங்கிலிருந்து எடுத்தாலும் இதுதான் நடக்கும். ஓட்டம் குறையாமல் அழுத்த வித்தியாசம் மட்டும் மெல்ல ஏறினால் அடைப்பு தொடங்கிவிட்டது.

ஆசிட், காஸ்டிக் இல்லாமல் ஆர்ஓவும் இடிஐயும் வைத்தே அதிதூய நீர் எடுக்கலாம் என்கிறார்கள். நம்பலாமா?
ஆலை மேலாளர், கரூர்

நம்பலாம், முன்னால் நடப்பதைக் கவனித்தால். இடிஐக்குள் (ரெசினை மின்சாரத்தாலேயே புதுப்பித்துக்கொண்டு உப்பை நீக்கும் கருவி) போகும் தண்ணீரில் கடினத்தன்மை 1 பிபிஎம்முக்குக் கீழ், சிலிக்கா 0.5-க்குக் கீழ், குளோரின் கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால் ஒரு ஆர்ஓ போதாது, இரண்டு அடுக்கு வேண்டும். பலர் மறப்பது கார்பன் டைஆக்சைடு. ஆர்ஓ அதைத் தடுக்காது, இடிஐக்கு அது முழுச் சுமை. முதல் அடுக்குக்குப் பிறகு கொஞ்சம் காஸ்டிக் சொட்டவிட்டு பிஎச்சை 8.3 அளவுக்கு ஏற்றினால் அது பைகார்பனேட்டாகி இரண்டாம் அடுக்கில் நின்றுவிடும். காஸ்டிக்கே வேண்டாம் என்ற விளம்பரம் இங்கேயே உடைகிறது, ஆனால் டன் கணக்கு கிலோ கணக்காகக் குறைவது உண்மை.

ஆர்ஓவுக்கு முன் குளோரினைக் கொல்ல சோடியம் மெட்டாபைசல்ஃபைட். கணக்குப்படி 1 பிபிஎம் குளோரினுக்கு 1.34 பிபிஎம், நடைமுறையில் இரட்டிப்பாகவே போடுவார்கள். டோசிங் பம்ப் ஓர் இரவு காற்றடைத்து நின்றால் மெம்பிரேன் போய்விடும், அது திரும்பாது. ஓஆர்பி மீட்டரை (குளோரின் மிச்சம் இருந்தால் காட்டிக்கொடுக்கும் மீட்டர்) ஹைபிரஷர் பம்ப் டிரிப்போடு இணைத்து வையுங்கள்.

டிஎம் தண்ணீரை வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா? குடிக்கலாமா?
பலர்

பேட்டரிக்குத் தாராளமாக. அதற்கான இந்தியத் தரம் ஐஎஸ் 1069, டிஎம் தண்ணீர் அதைத் தாண்டியே நிற்கும். பிளாஸ்டிக் கேனில் வாங்குங்கள், இரும்பு வாளி, தகரப் புனல் வேண்டாம். சார்ஜ் ஏறிய பிறகு குறியீட்டு மட்டம் வரை மட்டும் ஊற்றுங்கள். ஆர்ஓ தண்ணீர் இதற்கு ஆகாது, அதிலுள்ள குளோரைடும் இரும்பும் தட்டுகளைத் தின்னும்.

ஒரு வாய் குடித்தால் விஷமில்லை, சப்பென்று இருக்கும். ஆனால் பிளான்ட் குழாயில் பிடித்துக் குடிக்காதீர்கள். எந்த வால்வுக்குப் பின்னால் ஹைட்ரசீன் கலக்கிறது என்று குழாயைப் பார்த்துச் சொல்ல முடியாது.